ஒப்புதல் யாருடையது? மலேசிய மனநல மருத்துவ வரலாற்றில் சிறாரும் வலுவற்றோரும்

முன்னுரை

மனநோய்க்கு ஆளான ஒருவருக்கு மருத்துவம் செய்யுங்கால் அதற்கு இசைவு தரவேண்டியவர் யார்? வயது நிரம்பாத சிறுவன், தன் நிலையை எடுத்துரைக்க இயலாத முதியவர், மருத்துவரின் மொழியை அறியாத தொழிலாளி ஆகியோருக்காக வேறொருவர் கையொப்பமிடும்போது அவர்தம் நலன் உண்மையிலேயே காக்கப்படுகின்றதா? இவ்வினாவைக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரை மனத்திற்கொண்டு, வரலாற்று நோக்கில் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

காவலிலிருந்து மருத்துவத்திற்கு

கூட்டு மலாய் மாநிலங்களுக்கெனப் பேராக்கிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டு மனநோயாளர் விடுதி ஒன்று திறக்கப்பெற்றது. சிலாங்கூர் அக்கூட்டமைப்பில் அடங்கியிருந்தமையால், கோலாலம்பூரிலும் கிள்ளான் தோட்டப்புறங்களிலும் வாழ்ந்தோர்க்கு அவ்விடுதி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது. உற்றாரையும் தாய்மொழிச் சூழலையும் பிரிந்து செல்வதே அன்றைய மருத்துவத்தின் முதற்படி எனலாம். தெற்கே ஜொகூரின் தம்போயில் 1937இல் மற்றொரு விடுதி எழுந்தது. பின்னாளில் முன்னது மகிழ்ச்சி எனப் பொருள்படும் 'பஹாகியா' என்ற பெயரைப் பெற்றது. ஆயினும் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற ஊர்ப்பெயர் நம்மிடையே ஏளனச் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

1952ஆம் ஆண்டின் மனநோய்ச் சட்டம் நோயாளரைச் சேர்த்தலையும் காவலில் வைத்தலையுமே முதன்மைப்படுத்தியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1966இல் உளமருத்துவத் துறை தொடங்கப்பெற்றது. பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பின்னர்க் கிள்ளான் பொது மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் அமையவே, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பகுதி மக்களுக்கு மருத்துவம் வீட்டிற்கு அணித்தாக வந்தது. தொலைவு குறைந்தது, ஒப்புதல் பற்றிய வினாவோ எஞ்சி நின்றது.

2001: சட்டமும் ஏர்வாடியும்

மலேசிய மனநலச் சட்டம் 2001இல் இயற்றப்பெற்று, 2010 ஜூன் திங்களில் நடைமுறைக்கு வந்தது. அதன் 77ஆம் பிரிவு அறுவைச் சிகிச்சை, மின்னதிர்ச்சிச் சிகிச்சை, மருத்துவ ஆய்வுச் சோதனை ஆகிய மூன்றற்கும் ஒப்புதலை வேண்டுகின்றது. நோயாளர் ஒப்புதல் தரும் தகுதியுடையவர் என மனநல மருத்துவர் கண்டால் அவரே தரலாம். தகுதியற்றவராயின் சிறாருக்குக் காப்பாளரும் வயது வந்தோர்க்கு உறவினரும் தரலாம். அவர்களும் இல்லாதவிடத்து இரு மனநல மருத்துவர்கள் தரலாம். பழைய சட்டத்தோடு ஒப்பிடுகையில் இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் இன்று மயக்க மருந்துடன் அளிக்கப்பெற்றுக் கடுமையான மனச்சோர்வுக்குப் பயன் தருகின்றது. எனவே மருத்துவத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று.

ஆயின் உறவினரின் ஒப்புதல் போதிய காவலாகுமா? அதே 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் இல்லமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாது, 28 பேர் உயிரிழந்தனர். ஏர்வாடித் தர்கா நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் குடும்பத்தார் அழைத்து வந்தோரே அத்தகைய இல்லங்களில் மிகுதி. அன்புடையார் தரும் இசைவும் அறியாமையாலோ வறுமையாலோ களைப்பாலோ பிழைபடக்கூடும் என்பதே ஏர்வாடி உணர்த்தும் பாடமாகும்.

சிறாரின் குரல்

நியூயார்க் மாநிலத்தின் வில்லோபுரூக் விடுதியில் 1956 முதல் அறிவு வளர்ச்சி குன்றிய சிறார்க்குக் கல்லீரல் அழற்சிக் கிருமி செலுத்தி ஆய்வு நிகழ்த்தப்பட்டது. பெற்றோர் கையொப்பமிட்டிருந்தனர். ஆனால் இடநெருக்கடி மிக்க அவ்விடுதியில் பிள்ளையைச் சேர்க்க வேறு வழியற்ற நிலையில் சிலர் கையொப்பமிட்டமை பின்னர் கடுங்கண்டனத்திற்குள்ளாயிற்று. மருத்துவ ஆய்வு குறித்த ஹெல்சிங்கி அறிக்கை, 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தில், இசைவு தர வல்ல சிறாரிடம் காப்பாளரின் ஒப்புதலுக்கு மேலாக அவர்தம் இசைவையும் பெறவேண்டும் என வகுத்தது. மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட சிறார் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் தம்மைப் பற்றிய முடிவுகளில் சிறார் கருத்துரைக்கும் உரிமையை வலியுறுத்துகின்றது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ ஒருபடி மேற்சென்று, சிறார்க்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சையைத் தடைசெய்தது. மருத்துவர் இன்றியமையாததெனக் கருதினால் காப்பாளரின் ஒப்புதலுடன் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்னனுமதியும் வேண்டும் என்றது. சங்கிலியிடுவதையும் அச்சட்டம் அறவே தடுத்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் காப்பாளரின் கையொப்பம் தொடக்கமேயன்றி முடிவன்று என்பது பெறப்படும். இவ்விடத்துத் தமிழ் கற்பிக்கும் நமக்கும் பங்குண்டு. தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் மலாயிலோ ஆங்கிலத்திலோ வினவப்பெறும்போது காக்கும் மௌனம், நோயின் அறிகுறியா, மொழி அறியாமையா? அவனை நாள்தோறும் காணும் ஆசிரியரே இதனை எடுத்துரைக்க வல்லவர். சொல்லாக்கத்திலும் நமக்குப் பணி உண்டு. காப்பாளர் சட்டப்படி தருவதை 'ஒப்புதல்' என்றும், சிறுவன் தானே உணர்ந்து தருவதை 'இசைவு' என்றும் வேறுபடுத்தி வழங்கலாம் எனக் கருதுகின்றோம். இரண்டிற்கும் ஒரே சொல்லை ஆளும்வரை, ஒன்று பெறப்பட்டதும் மற்றொன்றும் பெறப்பட்டதாகவே கருதப்படும். 1911இல் வடக்கே சென்றவரிடம் கேட்கப்படாத வினாவை, இன்று கிள்ளான் மருத்துவமனையின் முன்கூடத்தில் தாயின் அருகே அமர்ந்திருக்கும் பிள்ளையிடமேனும் அவனுக்குப் புரியும் மொழியில் கேட்பதே முறையாகும்.