உருகுவேயின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மாற்றம்

பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையில் சுமார் 35 லட்சம் மக்கள் வாழும் உருகுவே, வழக்கமான ஆண்டுகளில் தன் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீர், காற்று, உயிரிப்பொருள், வெயில் ஆகியவற்றிலிருந்து பெறுகிறது. சொந்த எண்ணெய்க் கிணறோ நிலக்கரிச் சுரங்கமோ இல்லாத நாடு இது. முன்பு ரியோ நெக்ரோ ஆற்று அணைகளையும், அர்ஜென்டினாவுடன் பங்கிட்டுக்கொள்ளும் சால்டோ கிராந்தே அணையையும் நம்பியிருந்தது. மழை பொய்த்தால் எண்ணெய் இறக்குமதிச் செலவு கழுத்தை நெரித்தது.

2008இல் இயற்பியலாளர் ரமோன் மென்டெஸ் எரிசக்தித் துறையின் தேசிய இயக்குநரானார். அவர் முன்னெடுத்த நீண்டகால எரிசக்திக் கொள்கையை 2010இல் நாடாளுமன்றக் கட்சிகள் அனைத்தும் ஏற்றன. இந்த மாற்றத்தின் உயிர்நாடி இந்த உடன்பாடுதான். ஆட்சி மாறினாலும் திட்டம் மாறாது என்ற நம்பிக்கையில் முதலீடு வந்தது. காற்றாலைகள் ஏலத்தின் வழியே அமைந்தன. அரசு மின்வாரியமான யூட்டே அவற்றின் மின்சாரத்தை நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்குகிறது. மேய்ச்சல் நிலத்தில் காற்றாலை சுழல, அதன் நிழலில் மாடுகள் மேய்கின்றன. நில உரிமையாளருக்கு வாடகையும் கிடைக்கிறது. காற்று வீசும்போது அணைநீரைத் தேக்கி, ஓயும்போது திறந்துவிடுகிறார்கள். தைல மரக் கூழ் ஆலைகளும் தம் கழிவுச் சாற்றை எரித்து மின்சாரம் தருகின்றன.

சிக்கல்கள் தீரவில்லை. 2023ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் நீர்மின் உற்பத்தி சரிந்து, அனல் நிலையங்கள் மீண்டும் கைகொடுத்தன. மின்சாரப் பேருந்துகளும் கார்களும் பெருகிவந்தாலும், போக்குவரத்து இன்னும் பெரும்பாலும் இறக்குமதி எண்ணெயில்தான் ஓடுகிறது.