சிறுவியாபாரியும் வருமான வரிப் படிவமும்

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடமிருந்து வரும் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கே அஞ்சும் சிறுவியாபாரிகள் எம்மிடையே இன்னமும் உள்ளனர். விற்பனைப் பணம் முழுவதற்கும் வரி கேட்கப்படும் என்ற தவறான எண்ணமே இந்த அச்சத்திற்கு முக்கிய காரணமாகும்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி வருமான வரி விற்பனை மீதன்றி இலாபத்தின் மீதே விதிக்கப்படுகின்றது. பொருளாதார நெருக்கடியை அடுத்து 2023 ஜனவரியில் 12 இலட்சம் ரூபாவாகக் குறைக்கப்பட்ட தனிநபருக்கான வருடாந்த வரி நிவாரணம், 2025 ஏப்ரல் 1 முதல் 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்திற்கு 6 வீதமும், அடுத்துவரும் ஒவ்வொரு 5 இலட்சத்திற்கும் முறையே 18, 24, 30 வீதமும், மீதிக்கு 36 வீதமும் வரி அறவிடப்படும்.

ஒரு சில்லறைக் கடையின் வருட விற்பனை ஒரு கோடி ரூபா எனக் கொள்வோம். விற்ற பொருட்களின் கொள்விலை 64 இலட்சம். வாடகை, மின்சாரம், சம்பளம், போக்குவரத்து என்பன 12 இலட்சம். இலாபம் 24 இலட்சம். வேறு வருமானம் இல்லையெனில், நிவாரணம் போக எஞ்சும் 6 இலட்சத்திற்கான வரி 36,000 ரூபா மாத்திரமே. ஆனால், அந்த 12 இலட்சம் ரூபா செலவுக்கு ஆதாரம் இல்லையென அது நிராகரிக்கப்படுமாயின் வரி 222,000 ரூபாவாகிவிடும். பற்றுச்சீட்டுகளைப் பேணாத அலட்சியத்தின் விலை இதுவேயாகும்.

எனவே நாளாந்த வரவு செலவைப் பதியும் கணக்குப் புத்தகம் ஒன்று அவசியமாகும். வரிமதிப்பாண்டு முடிவடையும் மார்ச் 31 ஆம் திகதி கையிருப்புப் பொருட்களைக் கணக்கெடுத்தல் வேண்டும். வீட்டுச் செலவுக்காகக் கடையிலிருந்து எடுக்கும் பணத்தை வியாபாரச் செலவாகக் காட்டலாகாது. வீடும் கடையும் ஒரே கட்டடத்தில் இருப்பின் மின்கட்டணத்தில் கடைக்குரிய பங்கை மாத்திரமே கழிக்கலாம். ஆவணங்களை 5 வருடங்கள் பாதுகாத்தல் வேண்டும்.

வரியை ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் நான்கு தவணைகளாகச் செலுத்துவதுடன், மீதியிருப்பின் செப்டெம்பர் 30க்கு முன்னரும், வருமான விபரத்திரட்டை நவம்பர் 30க்கு முன்னரும் சமர்ப்பித்தல் வேண்டும். வங்கி வட்டியில் ஏற்கனவே பிடிக்கப்பட்ட வரியை விபரத்திரட்டில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் பலர் அறியார். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற்றவர் அனைவரும் வரி செலுத்த வேண்டியவர் ஆகிவிடுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

கணக்கு வைப்பது வியாபாரியின் கடமையெனில், அதற்கு வழிகாட்டுவது அரசின் கடமையாகும். கணினிப் பரிச்சயம் இல்லாதவர்களுக்கு இணையவழிப் படிவம் மற்றுமொரு தடையாகும். பிரதேச செயலக மட்டத்தில், எளிய தமிழில் விளக்கமளித்துப் படிவத்தை நிரப்ப உதவும் ஏற்பாடுகள் வேண்டும். தண்டப்பணம் பற்றிய எச்சரிக்கைகளை விட அத்தகைய உதவியே நேர்மையான வரி செலுத்துநரை உருவாக்கும் என்பது எமது கருத்தாகும்.