புதியது வந்த பின்னும் பழையது: இந்தியக் கார்ச் சந்தையில் பழைய மாடல்களின் நீண்ட ஆயுள்

2014 ஜனவரி 18 அன்று, ஹரியானாவின் குர்கான் ஆலையில் மாருதி 800 காரின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஏடுகள் அச்செய்தியைப் பெரும்பாலும் ஒரு பிரியாவிடையாகவே எழுதின. நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார், முதல் நெடும்பயணம் என்று நினைவுகள் பெருகின. அந்நினைவுகள் மெய்யானவையே. ஆயினும் வரலாறு பயிலும் ஒருவருக்கு அச்செய்தியில் வேறொரு கேள்வி எழ வேண்டும். மாருதி 800இன் இடத்தை நிரப்ப வந்ததாகக் கருதப்பட்ட ஆல்ட்டோ 2000ஆம் ஆண்டிலேயே அறிமுகமாகிவிட்டது. 2012 அக்டோபரில் 'ஆல்ட்டோ 800' என்ற பெயரில் மற்றொரு கார் வந்து பழைய காரின் எண்ணையும் எடுத்துக்கொண்டது. அதன் பின்னரும் ஓராண்டுக்கு மேல் பழைய 800 விற்கப்பட்டது. வாரிசு வந்த பின் பதின்மூன்று ஆண்டுகள் மூத்தது எவ்வாறு நீடித்தது? அந்த நீட்சியால் யார் பயனடைந்தனர், யார் விலை கொடுத்தனர்?

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய விந்தையன்று. பிரான்சில் சித்ரோயன் நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்திய 2சிவி காருக்கு மேலான மாற்றாக 1967இல் டியான் என்ற காரைக் கொண்டுவந்தது. 1983இல் டியான் நின்றுபோயிற்று. 2சிவியோ 1990 வரை வந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் 1959இன் மினிக்கு மாற்றாக எண்ணப்பட்ட மெட்ரோ 1980இல் வந்தது. பின்னாளில் ரோவர் 100 எனப் பெயர் மாறிய அக்கார், 1997இல் மோதல் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம் பெற்று, மறு ஆண்டே விடைபெற்றது. மினி 2000 வரை நீடித்தது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 1974இல் வந்த பின்னரும், அதற்கு முந்தைய பீட்டில் மெக்சிகோவில் 2003 வரை உற்பத்தியாயிற்று. தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக அன்றிப் பயன்பாட்டின் வரலாறாக எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அறிமுக ஆண்டுகளை மட்டும் அடுக்கினால் கார்களின் வரலாறு ஒரு படிக்கட்டாகத் தெரியும். விற்பனை நின்ற ஆண்டுகளையும் உடன் வைத்தால் அந்தப் படிக்கட்டு கலைந்துபோகிறது.

இந்தியாவில் இக்கதைக்கு இரு கட்டங்கள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்ளாதிருப்பது முதல் தேவை.

முதற்கட்டம் பற்றாக்குறையின் காலம். 1953இல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டு உற்பத்தித் திட்டம் உள்ள நிறுவனங்களே தொடரலாம் எனப் பரிந்துரைத்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் என ஒரு சிலவே கார்ச் சந்தையில் எஞ்சின. உற்பத்தித் திறனுக்கு உரிமம் வேண்டும். புதிய இயந்திரங்களை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். காருக்குப் பணம் கட்டியவரோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். காத்திருப்போர் பட்டியல் இருக்கும்வரை மாடலை மாற்றும் கட்டாயம் எந்நிறுவனத்துக்கும் இல்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசடரும், ஃபியட் 1100இலிருந்து பிறந்த பத்மினியும் பல பத்தாண்டுகள் நீடித்தமைக்கு இதுவே அடிப்படை. அக்கார்கள் புதியனவற்றோடு போட்டியிட்டு வென்றவை அல்ல. பெரும்பாலும் அவற்றின் எதிரே போட்டியே இல்லை.

இரண்டாம் கட்டம் 1980களில் தொடங்குகிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் கான்டெசாவையும், பிரீமியர் 1985இல் 118என்இ காரையும் கொண்டுவந்தன. ஆனால் அம்பாசடரோ பத்மினியோ விலக்கப்படவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது; 1986இல் அதன் உடல் மாற்றப்பட்டது. அப்போது பழைய வடிவம் புதியதற்கு வழிவிட்டது. 2000இல் ஆல்ட்டோ வந்தபோது அவ்வாறு நிகழவில்லை. இங்குதான் பழையதையும் புதியதையும் தெரிந்தே அருகருகே நிறுத்தி விற்கும் முறை இந்தியாவில் நிலைபெறுகிறது. டாட்டாவின் இண்டிகா 1998இல் வந்தது. 2008இல் இண்டிகா விஸ்டா வந்த பின்னும் விலகாமல் 2018 வரை நின்றது. ஹுண்டாய் வெர்னா 2006இல் வந்த பின்னும் ஆக்சென்ட் விற்கப்பட்டது. 2013இல் கிராண்ட் ஐ10 வந்தபோது ஐ10உம் உடன் இருந்தது.

இதன் கணக்கு எளியது. ஒரு காரை உருவாக்குவதில் பெரும் முதலீடு, தகட்டை அழுத்தி உடற்பாகங்களாக்கும் அச்சுகளிலும், பற்றவைப்பு அமைப்புகளிலும், பாகங்கள் செய்து தரும் சிறு நிறுவனங்களின் கருவிகளிலும் முடங்குகிறது. சில ஆண்டுகளில் அச்செலவு தேய்மானமாகக் கழிந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு காருக்கும் ஆகும் செலவு பெரும்பாலும் பொருளும் உழைப்பும் மட்டுமே. விலையைக் குறைத்தாலும் இலாபம் நிற்கும். வாங்குவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பழைய மாடலின் குறைகள் தெரிந்தவை. உதிரிபாகங்கள் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். நெடுஞ்சாலையோரப் பட்டறையின் மெக்கானிக்குக்கு அதன் உள்ளுறுப்புகள் மனப்பாடம். இவ்வறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத, பல்லாயிரம் கைகளில் சேர்ந்த மூலதனம். புதிய மாடல் அதைக் கொண்டு பிறப்பதில்லை.

இதுவரை சொன்னது சந்தையின் கதை. ஆனால் பழைய மாடலின் முடிவைச் சந்தை மட்டும் தீர்மானிக்கவில்லை. 2010 ஏப்ரலில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. நாட்டின் ஏனைய பகுதிகளுக்கு ஸ்டேஜ் 3 போதும் என்றே இருந்தது. மாருதி 800 புதிய விதிக்கு ஏற்ப மாற்றப்படவில்லை. அந்நகரங்களில் அதன் விற்பனை நின்றது. பிற ஊர்களில் மேலும் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. ஆகவே '800 எப்போது முடிந்தது?' என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. சென்னையில் 2010, மதுரையில் 2014 என்றுதான் சொல்ல வேண்டும். நாடு முழுவதற்கும் ஸ்டேஜ் 4 வந்தது 2017இல். பெருநகரக் காற்றுக்கு ஒரு தரம், சிற்றூர்க் காற்றுக்கு ஒரு தரம் என்ற அரசின் வரைபடமும், பழைய மாடல் விற்கப்பட்ட வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன.

பாதுகாப்பு விதிகளில் இப்பிரிவு நிலத்தால் அன்றிக் காலத்தால் அமைந்தது. கார்கள் முன்புற மோதல், பக்கவாட்டு மோதல் சோதனைகளில் தேற வேண்டும் என்ற விதி, புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே உற்பத்தியில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபர் 1 முதலும் பொருந்தியது. பூட்டுத் தடுப்பு பிரேக் விதிக்கும் அவ்வாறே 2018 ஏப்ரல், 2019 ஏப்ரல் என இரு நாள்கள். இவ்விரட்டை நாள் முறை உலகெங்கும் வழக்கில் உள்ளதே. தொழிலாளரையும் பாகம் செய்வோரையும் திடீர் நிறுத்தத்திலிருந்து அது காக்கிறது. ஆயின் அதன் விளைவைக் கவனியுங்கள். ஒரே நாளில், ஒரே விற்பனை நிலையத்தில், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு புதுக் கார்களில் ஒன்றுக்கு ஒரு சட்டம், மற்றதற்கு வேறொரு சட்டம்.

இதற்கு மாருதி ஆம்னியைவிடத் தெளிவான சான்று இல்லை. 1984இல் வந்த இவ்வேனில் ஓட்டுநரின் கால்களுக்கும் முன்தகட்டுக்கும் இடையே மிகச் சிறிய இடமே உண்டு. மோதலின் விசையை வாங்கிக்கொள்ள முன்மூக்கு என ஒன்றில்லை. 2001இல் வெர்சா வந்தது, விற்பனையின்றி மறைந்தது. அதன் வடிவத்தையே எளிமையாக்கி 2010இல் ஈக்கோ வந்தது. ஈக்கோவும் ஆம்னியும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உடன் விற்கப்பட்டன. 2019இல் ஆம்னி நின்றது. புதிய பாதுகாப்பு விதிகளை அதன் வடிவத்தால் நிறைவேற்ற இயலாது என்பதே காரணம். 35 ஆண்டுக் காலத்தில் அவ்வேன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது. எண்ணற்ற ஊர்களில் ஆம்புலன்ஸாக ஓடியது. அதன் இருக்கைகளில் அமர்ந்தோரில் பலர் அதைத் தேர்ந்து வாங்கியவர்கள் அல்லர்.

டாக்சிகளின் கதையும் இத்தகையதே. 2012இல் புதிய டிசையர் வந்தபோது முந்தைய டிசையர் 'டூர்' என்ற பெயரில் வாடகை வண்டியாகத் தொடர்ந்தது. 2017இல் அடுத்த தலைமுறை வந்தபோது அதற்கு முந்தையது 'டூர் எஸ்' ஆயிற்று. தனி உரிமையாளருக்குப் புதிய உடல். நாளொன்றுக்குப் பல மணி நேரம் சாலையில் இருக்கும் ஓட்டுநருக்கும் அவருடைய பயணிக்கும் முந்தைய உடல். கடனில் வண்டி எடுக்கும் ஓட்டுநருக்கு அந்த விலைக் குறைப்பு ஒரு வாழ்வாதாரம் என்பதும் உண்மை.

மறுதரப்பின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. இரு பிள்ளைகளோடு ஸ்கூட்டரில் செல்லும் குடும்பத்துக்கு, காற்றுப்பை இல்லாத பழைய காரும் ஒரு பாதுகாப்பே. மலிவான பழைய மாடலை நிறுத்தினால் அக்குடும்பம் ஸ்கூட்டரிலேயே தங்கிவிடும் என்பது அவ்வாதம். இதில் வலு உண்டு. ஆனால் இது தன் பணத்தில் தனக்காக வாங்குபவரைப் பற்றிய வாதம். பள்ளி வேனில் ஏற்றப்படும் குழந்தைக்கும், மயங்கிய நிலையில் ஆம்புலன்ஸில் கிடத்தப்படும் நோயாளிக்கும், டாக்சியை அழைத்தவருக்கும் இது பொருந்தாது. அவர்கள் முன் ஸ்கூட்டரா, காரா என்ற தேர்வு வைக்கப்படவே இல்லை.

பிற நாடுகளும் இக்கேள்வியைச் சந்தித்தன. காற்றுப்பையும் பூட்டுத் தடுப்பு பிரேக்கும் 2014 முதல் கட்டாயம் என்று பிரேசில் விதித்ததும், 1950களில் இருந்து அங்கு உற்பத்தியான ஃபோக்ஸ்வாகன் கோம்பி வேன் 2013 டிசம்பரில் நின்றது. மெக்சிகோவில், 1990களின் வடிவமான நிசான் சூரு, பிற்காலத் தலைமுறைகளோடு உடன் விற்கப்பட்டது. மோதல் சோதனையில் அது ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. 2016இல் அதையும், அமெரிக்காவில் விற்கப்பட்ட அதே நிறுவனத்தின் வெர்சாவையும் நேருக்கு நேர் மோதவிட்டுக் காட்டினர். சூருவின் உற்பத்தி 2017இல் முடிந்தது. ஒரே நிறுவனத்தின் இரு கார்களை மோதவிட்ட அச்சோதனை, 'பழைய மாடல்' என்ற சொல்லின் பொருளைக் கண்முன் நிறுத்தியது.

இன்றும் இம்முறை தொடர்கிறது. 2022இல் ஸ்கார்ப்பியோ-என் வந்தபோது முந்தையது 'ஸ்கார்ப்பியோ கிளாசிக்' என்ற பெயரில் தொடர்ந்தது. அதே ஆண்டு இறுதியில் இன்னோவா ஹைகிராஸ் வந்தது, கிரிஸ்டாவும் விலகவில்லை. பெயர் ஒன்றே என்பதால் ஒன்றின் நட்சத்திர மதிப்பு மற்றொன்றுக்கும் உரியதென வாங்குவோர் எண்ணிவிட இடமுண்டு. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனை நிறுவனங்களின் விருப்பத்தின்பாற்பட்டது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

எனவே போக்குவரத்து வரலாற்றில் ஆய்வு செய்ய முனையும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் காரை எடுத்துக்கொண்டாலும் அறிமுக விழாவின் நாளோடு நிறுத்தாதீர்கள். அதன் வாரிசு வந்த நாள், விற்பனை நின்ற நாள், கடைசியாக விற்கப்பட்ட ஊர்கள், கடைசிக் கட்டத்தில் அதை வாங்கியவர்கள், அந்நாள்களை ஒட்டி வந்த அரசாணைகள் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வாரிசு வந்த நாளுக்கும் விற்பனை நின்ற நாளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் காரில் பயணம் செய்தோர் யார் என்பதை இன்னும் எவரும் முறையாக எழுதவில்லை என்றே கருதுகிறேன். அதைச் சொல்லக்கூடிய ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து தொடங்கலாம்.