சானடோரியக் கட்டிலும் வீட்டு அடுப்பும்

மாதக்கணக்கில் மருத்துவமனையில் தங்க நேர்ந்தவர்க்கு மருந்தோடு நல்லுணவும் நாள் ஒழுங்கும் வேண்டும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். பத்தியம் என்ற ஒரே சொல்லில் நம் முன்னோர் உணவையும் ஒழுக்கத்தையும் சேர்த்தே அடக்கினர். ஆயினும் மருந்து, உணவு, ஓய்வு ஆகிய மூன்றில் எது எவ்வளவு பயன் தருகிறது என்று நிறுத்துப் பார்த்த வரலாறு ஒன்று உண்டு. அது காசநோயின் வரலாறு. அதன் சிறந்ததோர் அத்தியாயம் சென்னையிலே எழுதப்பெற்றது.

காசநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த காலம் அது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹெர்மன் பிரெமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், சைலீஷிய மலைப்பகுதியில் நோயாளிகளுக்கென ஓர் இல்லம் அமைத்தார். தூய காற்று, அளவான நடை, நிறைந்த உணவு ஆகியவையே அங்கே சிகிச்சை. அவரிடம் நோயாளியாக வந்த பீட்டர் டெட்வைலர், 1876 முதல் ஃபால்கன்ஸ்டைன் என்ற ஊரில் ஓய்வையே முதன்மையாக்கினார். நோயாளிகள் திறந்த தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலிகளில் பல மணி நேரம் அசையாது படுத்திருந்தனர். வேளை தவறாது உண்டனர். ‘சானடோரியம்’ என்னும் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

இம்முறையை இங்கிலாந்தில் நடத்தியவர்களுள் நம் நாட்டவரான டாக்டர் சௌரி முத்துவும் ஒருவர். மெண்டிப் மலைப்பகுதியில் இருந்த அவருடைய சானடோரியத்தில், கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1917இல் சில காலம் தங்கினார். பின்னர் மாட்லாக் என்ற ஊருக்கு மாற்றப்பட்டார். சைவ உணவினின்றும் வழுவாத அவருக்குப் போர்க்காலத்து ஆங்கிலச் சமையல் ஒத்துவரவில்லை. எந்த உணவு சிகிச்சையின் உயிர்நாடி எனப்பட்டதோ, அதுவே அவருக்கு எட்டாததாயிற்று. 1919இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் மறைந்தார். அவரை வருத்தியது காசநோயன்று, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயே எனப் பிற்காலத்தில் கருதியவர்களும் உண்டு. எந்நோயாயினும், நோயாளியின் நா ஏற்காத உணவு எத்துணைச் சத்துடையதாயினும் பயன்படாது என்பது இங்கே தெளிவாகிறது.

அதே சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் நிறுவினார். இன்றும் அங்குள்ள இரயில் நிலையம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் நாட்டில் நோயாளிகள் பல இலட்சம். படுக்கைகளோ மிகச் சில. இடம் கிடைக்காத ஏழையின் கதி என்ன?

இவ்வினாவுக்கு விடை தேடச் சென்னையில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. நகரத்து ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கும், மறுபகுதியினர் தத்தம் வீடுகளுக்கும் குலுக்கல் முறையில் பிரித்தனுப்பப்பட்டனர். இரு சாராருக்கும் ஓராண்டு ஐசோநையசிட், பாஸ் என்னும் அதே மருந்துகள். சானடோரியத்தில் ஓய்வும் சத்துணவும் கிடைத்தன. வீட்டிலோ நெருக்கடியும் அரைவயிற்று உணவும். 1959இல் முடிவு வெளியாயிற்று. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் ஏழையும் தன் குடிசையிலேயே குணமடையலாம் என்பது உறுதியாயிற்று. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இவ்வாய்வும் ஒரு காரணம்.

இதனைக் கொண்டு உணவே வேண்டா என முடிவு கட்டுதல் தவறு. நல்லுணவு இல்லை என்பதற்காக மருந்தை மறுக்கலாகாது என்பதே சென்னை உரைத்த பாடம். உணவு தன் இடத்தை இழக்கவில்லை என்பதை ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு மெய்ப்பித்தது. நோயாளியின் குடும்பத்தார்க்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் வழங்கினர். அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. சிகிச்சையின் முதல் இரு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே மரணமும் குறைவாகவே இருந்தது.

பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாறு நெருங்கியது. நம்முள் ஒருவர் அங்கு நெடுநாள் மருத்துவமனையில் கிடக்க நேரின், பார்க்கச் செல்லும் நாம் பழக்கூடையோடு கடமை முடிந்ததென்று திரும்பலாகாது. மருத்துவர் இசைவு பெற்று, அவர் நாவுக்குப் பழகிய இரசஞ்சாதமோ கஞ்சியோ வேளைக்குக் கிடைக்கச் செய்வோம். மருந்து வேளையும் உறக்கமும் பிறழாது காப்போம். அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதையும் மறவாது கேட்போம். மருந்து கிருமியை வெல்லும். மெலிந்த உடலைத் தேற்றுவது உணவு. நோயாளியின் மனம் தளராமல் காப்பது சுற்றம்.