கேஸ் கசிவது வேறு, எரிவது வேறு... அடுப்படியில் நடக்கும் 2 மாற்றங்கள்! பிரித்தறிவது எப்படி?

ஐஸ் உருகினால் இயற்பியல் மாற்றம், காகிதம் எரிந்தால் வேதியியல் மாற்றம். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். இந்த இரண்டும் நம்ம வீட்டு கேஸ் அடுப்பில் தினமும் அடுத்தடுத்து நடக்கின்றன. வித்தியாசம் புரிந்தால் பெரிய விபத்தையே தவிர்க்கலாம். எப்படி என்று பார்க்கலாம்.

சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது?

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எல்.பி.ஜி இருக்கும். புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களை அழுத்தி, திரவமாக்கி அடைத்திருப்பார்கள். அடுப்பைத் திறந்ததும் உள்ளே அழுத்தம் குறையும், திரவம் கொதித்து வாயுவாக மாறும். ஆனால் பொருள் மாறவில்லை. அதே மூலக்கூறுகள்தான், விலகி நிற்கின்றன, அவ்வளவுதான். இது இயற்பியல் மாற்றம்.

பர்னரில் என்ன நடக்கிறது?

பற்றவைத்ததும் அந்த வாயு ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகிறது. புதுப் பொருள் வந்துவிட்டது. இது வேதியியல் மாற்றம். காற்று போதவில்லை என்றால் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் உருவாகலாம்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

'புதுப் பொருள் உருவானதா?' இதுதான் சரியான சோதனை. மற்ற அடையாளங்கள் சில நேரம் ஏமாற்றிவிடும்.

குமிழி வந்தால் வேதியியல் மாற்றமா? தண்ணீர் கொதித்தாலும் குமிழி வரும், அது இயற்பியல் மாற்றம். சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாறு விட்டால் வரும் குமிழி, புதிதாக உருவான கார்பன் டை ஆக்சைடு.

பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றமா? அதுவும் இல்லை. பொடித்த மிளகு மறுபடி முழு மிளகாகாது. ஆனாலும் அது மிளகுதான்.

கேஸ் கசிந்தால்?

கசிவு என்பது வெறும் இயற்பியல் மாற்றம். 1 லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். இது காற்றைவிட கனமானது, அதனால் தரையோடு தேங்கி நிற்கும். காற்றில் சுமார் 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு சின்னப் பொறி பட்டால் போதும், தீப்பிடிக்கும். அங்கே வேதியியல் மாற்றம் தொடங்கிவிடும்.

கசிவைக் கண்டுபிடிக்கத்தான் எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். நம் மூக்கில் ஏறும் 'கேஸ் வாசம்' அதனுடையது. வாசம் வருகிறது, இன்னும் தீப்பிடிக்கவில்லை என்றால் வாயு வாயுவாகவே இருக்கிறது. காற்றோட்டம் கிடைத்தால் கலைந்துபோகும்.

உடனே செய்ய வேண்டியவை

* லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் ஃபேன் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சுக்குள் வரும் பொறியே போதும், பற்றிக்கொள்ளும்.
* தீக்குச்சி, லைட்டர், சாமி விளக்கு எதையும் ஏற்றாதீர்கள்.
* அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள்.
* கதவு, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.
* எல்லோரும் வெளியே வந்த பிறகு, 1906 என்ற அவசர எண்ணுக்கு போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் அழைக்கலாம்.