தோட்டத் தாயும் குழந்தை உணவும்: கமுந்திங் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பேரா மாநிலத்தில் தைப்பிங்கை அடுத்துள்ள கமுந்திங், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளியான் பாரு என்னும் பெயரில் ஈயச் சுரங்கங்களால் அறியப்பட்ட ஊராகும். பின்னர் இவ்வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்கள் தோன்றவே, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. தோட்ட வரலாற்றை ஆராய்வோர் கூலி, கங்காணி முறை, தொழிற்சங்கம், பள்ளி ஆகியவற்றையே பெரிதும் நோக்கியுள்ளனர். தாய் வேலைக்குச் சென்றபின் கைக்குழந்தை என்ன உண்டது என்னும் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரட்டும் பால்குடியும்

இரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்கு வடியும். ஆதலின், இருள் பிரியுமுன் தாய் பெரட்டில் நின்றாக வேண்டும். குழந்தை ஆயாக் கொட்டகையில் விடப்படும். மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் திரும்பும்வரை உள்ள இடைவெளியை நீர்த்த கஞ்சியும் சீனி கலந்த டின் பாலும் நிரப்பின. டின் பாலில் நீரை மிகுதியாக ஊற்றினால் புரதமும் கொழுப்பும் நீர்த்துப்போக, இனிப்பு மட்டுமே நாவில் நிற்கும். தூய்மையற்ற புட்டியோ வயிற்றுப்போக்கைக் கொணரும்.

இத்தீங்கை வெளிப்படையாக எடுத்துரைத்தவர்களுள் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் குறிப்பிடத்தக்கவர். இன்று கானா எனப்படும் நாட்டில், பால்குடி மறந்து சோளக்கூழை மட்டுமே உண்ட குழந்தைகளைத் தாக்கிய குவாஷியோர்கர் நோயை 1930களில் மருத்துவ உலகுக்கு அறிவித்தவர் அவரே. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ எனப் பொருள்படும் தலைப்பில் உரையாற்றி, குழந்தைகளுக்கு டின் பாலைப் பரிந்துரைக்கும் வணிகத்தைக் கண்டித்தார்.

அறியாமையா, நேரமின்மையா?

குடியேற்றக் கால ஆவணங்கள் பல, குழந்தை இறப்புக்குத் தாயின் அறியாமையைக் காரணமாகக் காட்டின. இக்கூற்றை நாம் அப்படியே ஏற்றல் இயலாது. ஆறாம் மாதத்தில் சோறூட்டும் வழக்கம் தமிழரிடம் தொன்றுதொட்டு உண்டு. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே ஊட்டுக என்று உலகச் சுகாதார மன்றம் 2001இல் வலியுறுத்தியதும் இதனோடு ஒத்தே அமைகின்றது. எனினும், கஞ்சியில் பருப்பு, மீன், கீரை ஆகியவற்றை மசித்துச் சேர்க்கும் முறை எடுத்துரைக்கப்பட வேண்டியதாகவே இருந்தது. தாய்க்குக் குறைந்தது அறிவினும் நேரமும் பொருளுமே என்பது நம் கருத்து.

கல்வியின் பங்கு

1956இல் தொடங்கிய ஊரகச் சுகாதாரத் திட்டம் தாதியரைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. தோட்டங்களோ தனியார் நிலமாதலின், அங்கு மருத்துவம் பெரிதும் முதலாளியின் பொறுப்பிலேயே நின்றது. குழந்தைப் பால்மாவு விற்பனைக்கான நெறிமுறை 1979இலும், ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளுக்கான மீட்புத் திட்டம் 1989இலும், தேசியத் தாய்ப்பால் கொள்கை 1993இலும் மலேசியாவில் நடைமுறைக்கு வந்தன.

இவற்றோடு தமிழ்நாட்டின் முயற்சியையும் ஒப்பிடலாம். 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதம்வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டனர். எடை கூடாத குழந்தைக்கு மட்டும் துணையுணவு வழங்கி, தாய்க்கு உணவூட்டும் முறையைக் கற்பித்தவர் அவ்வூர்ப் பெண்ணே. தாயின் மொழியும் அடுப்பும் அறிந்தவர் கூறும் அறிவுரை எளிதில் வீட்டினுள் நுழையும் என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

தோட்டத் தொழிலாளரின் வழிவந்த பெண்கள் பலர் இன்று தொழிற்சாலைகளில் பணிமுறை மாற்றி உழைக்கின்றனர். 2023 சனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. ஆயினும், ஆறு மாதம் என்பது ஏறத்தாழ 180 நாளாகும். எஞ்சிய நாள்களில் தாய் என்ன செய்வாள் என்னும் வினா, பெரட்டுக் காலத்து வினாவின் தொடர்ச்சியே. ஆயாக் கொட்டகையில் பணிபுரிந்த மூதாட்டியர் நம்மிடையே வாழும்பொழுதே அவர்தம் நினைவுகளை மாணவரைக் கொண்டு பதிவுசெய்தல் தமிழாசிரியர்தம் கடமையாகும். அப்பதிவுகள் இன்றேல், தாயைக் குறைகூறும் ஆவணங்களே நம் வரலாறாக எஞ்சும்.