குற்றாலத்தில் இருந்தவர்கள்

எங்கள் இராயகிரிப் பக்கத்து மூதாட்டியர் 'குற்றாலத்துக்குப் போனோம்' என்று சொல்வதில்லை. 'குற்றாலத்தில் இருந்தோம்' என்பர். இவ்விரு வினைகளுக்கும் இடையே ஒரு வரலாறு இருக்கிறது. குற்றாலம் தமிழில் பெற்ற பாட்டும் புகழும் அங்கே போய் வந்தவர்களால் ஆனவை அல்ல, அங்கே தங்கியவர்களால் ஆனவை என்பது என் கருத்து.

வாசுதேவநல்லூர், புளியங்குடி, சொக்கம்பட்டி, கடையநல்லூர், தென்காசி என்று செல்லும் வழி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மாட்டு வண்டிக்கு இடையில் ஓர் இரவுத் தங்கல் உண்டு. மானாவாரி விதைப்புக்கு முந்திய ஆனி, ஆடி மாதங்களில் அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், பானை, சட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு புறப்படுவார்கள். சிற்றாற்றங்கரையில் மூன்று கல் கூட்டி உலை வைப்பார்கள். கூடாரம் ஏது? வண்டியின் கூண்டுதான் கூடாரம். சாரலில் நனைந்த விறகு எரியாமல் புகைந்ததையே என் பாட்டி அருவியைவிட அதிகமாகச் சொல்லுவார். இன்னொன்றும் சொல்லுவார்: மண்டபத்தில் எல்லாரும் படுத்துவிடவில்லை, யார் எங்கே அடுப்பு மூட்டலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. பழமையைப் போற்றும்போது இதை விட்டுவிட்டுப் போற்றுவது நேர்மையாகாது.

குற்றாலம் உயர்ந்த மலைவாழிடம் அன்று, அடிவாரத்து ஊர். ஆயினும் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால், கோடையில் காய்ந்த நம் கண்ணுக்கு எதிரே அங்கே சாரல் பொழிகிறது. திருக்குற்றாலம், குறும்பலா என இரு பதிகங்களைச் சம்பந்தர் அருளியிருக்கிறார். நடராசரின் ஐந்து சபைகளுள் சித்திரசபை இங்கேதான் உள்ளது. அருவியாடுதலும் வழிபாடும் இவ்வாறு ஒன்றாயின.

ஊரை இலக்கியமாக்கியவர் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் (1706–1732) அவருக்கு நிலம் வழங்கினார் என்றும், அது குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது என்றும் கூறுவர். வடகரைத் தலைவர் சின்னணஞ்சாத் தேவரும் நூலில் புகழப்படுகிறார். நம் வண்டிகள் கடந்து சென்ற சொக்கம்பட்டி அவர் மரபினரின் பாளையமே. பாடநூல்களில் குறத்தி மலைவளம் கூறும் பகுதியை மட்டும் சேர்த்து, மாணவர்களை அத்துடன் அனுப்பிவிடுகிறோம். எனக்கு அதில் எப்போதும் குறை உண்டு. பின்னால் சிங்கன் கண்ணி வைக்க வரும்போது, எந்தெந்தப் பற்றுகளில் எந்தெந்தப் பறவைகள் மேய்கின்றன என்று பட்டியலே விரிகிறது. அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒருவருக்கு அந்தப் பட்டியல் வாய்க்காது. அருவி ஆறாகி, கால்வாயாகி, வயலில் நின்று, பறவைக்கு இரையாகும் வரை உடன் நடந்தவர்தான் அதை எழுத முடியும். சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கும் வரை சிற்றாறு செய்யும் தொழில் அது.

பிறகு வேறு வகையினர் தங்கினர். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கும்பினியார் இங்கே சாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் வைத்தனர். தாவரவியலாளர் இராபர்ட் வைட் இம்மலையில் செடிகளைத் திரட்டினார். நாவல் இனத்து மரம் ஒன்று இன்றும் தன் அறிவியற் பெயரில் குற்றாலத்தைத் தாங்கி நிற்கிறது. திருவிதாங்கூர் அரசர் அரண்மனை எழுப்பினார். சமீன்தார்கள் பங்களா கட்டினர். தங்கலுக்குச் சுவர் வந்தது. செண்பகாதேவி அருவியை அடுத்த குகைகளில் மட்டும் துறவிகள் சுவரின்றி இருந்தனர்.

1927-இல் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை திறந்ததும் சங்கரன்கோவிலில் ஏறினால் அன்றே அருவி. பயணம் சுருங்கிய அக்காலத்திற்குப் பின்னும் தங்கலின் அருமையைக் காட்டியவர் இரசிகமணி டி.கே.சி. நெல்லையில் வட்டத்தொட்டி நடத்திய அவர் பின்னாளில் குற்றாலத்திலேயே குடியேறி, 1954-இல் அங்கேயே மறைந்தார். இராசாசியும் கல்கியும் அவர் விருந்தினர். அருவியாடி, விருந்துண்டு, கம்பன் பாட்டில் ஆழ்ந்திருப்பது அங்கே நாள் முறை. நம் வட்டத்தைப் போன்றவற்றுக்கெல்லாம் அதுவே மூத்த வீடு.

இன்று பேருந்தில் காலையில் போய் இருட்டுமுன் திரும்புகிறோம். எண்ணெய்க் குளியலுக்காகவே போன ஊரில், நீரின் தூய்மை கருதி எண்ணெய், சோப்பு, சாம்பூ ஆகியவற்றுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-இல் தடை விதித்தது. என் பாட்டி கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார், தடை சரியானதே.

பத்தாம் ஆண்டை முன்னிட்டுச் செண்பகாதேவிக்கு மேலே காட்டிலேயே இரண்டு இரவு கூடாரமிடலாம் என்று இளைய உறுப்பினர் சிலர் கேட்டனர். அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மலை இப்போது நெல்லை வனவிலங்குக் காப்பகத்தைச் சேர்ந்தது. இரவு அங்கு விலங்குகளுக்கு உரியது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. வண்டி கட்டிப் போன நம் முன்னோரும் அடுப்பு மூட்டியது மலைமேல் அன்று, ஆற்றங்கரையில்தான்.

எனவே வேறொன்று கேட்கிறேன். வரும் ஆனியில் மூன்று நாள் குற்றாலத்தில் இருப்போம். காலையில் அருவி, மாலையில் மேலகரத்து வயல் வரப்பில் சிங்கன் பகுதியை முழுதும் வாசிப்பு. பெண் உறுப்பினர்களும் தயங்காமல் தங்குமாறு, எல்லாரும் ஒரே அடுப்பில் சமைத்துக்கொள்ளும்படியான வீடு ஒன்றை விசாரித்து வருகிறேன். அரிசியும் பாத்திரமும் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.